பத்துத் தட்டுகள்

கிழக்கு லண்டனில் ஓர் அரசு ஆரம்பப் பள்ளி. அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, விருந்தினர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அந்த அம்மா உள்ளே வருகிறார். ஐம்பதைத் தாண்டிய வயது. மழைக்கோட்டு நனைந்திருக்கிறது. தோளில் ஒரு துணிப்பை. அதில் படிவங்கள், ஒரு ஃபிளாஸ்க், மாற்றிப் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி தட்டைச் செருப்பு. நடைபாதையிலேயே நின்று செருப்பை மாற்றிக்கொள்கிறார். குதிகால் சத்தம் கேட்டாலே தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கிற பிள்ளைகள் இருக்கும் அறைக்குப் போகிறார்.

முன்பு ஆசிரியையாக இருந்தவர். இப்போது ஒரு தொண்டு அமைப்பில் வேலை. வீட்டில் கிடைத்திருக்க வேண்டிய அரவணைப்பு கிடைக்காமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு, பள்ளிக்குள்ளேயே அதைக் கொடுக்க முடியும் என்பது அந்த அமைப்பின் கட்சி. 'நர்ச்சர்' என்பது இங்கே புழங்கும் பெயர். இவர் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதில்லை. பிள்ளைகளோடு இருக்கும் பெரியவர்களைப் பார்க்கிறார். பார்த்ததைச் சாயங்காலம் சொல்கிறார். அதற்குத்தான் சம்பளம்.

மூலையில் எனக்கும் ஒரு நாற்காலி. பேசக் கூடாது, எழுதக் கூடாது என்று நிபந்தனை. ஆறு வயதுப் பிள்ளைக்குச் செய்த நாற்காலி, முழங்கால் நெஞ்சைத் தொடுகிறது. அவருக்கும் அதே உயரம்தான். ஆனால் உட்கார்ந்த வாக்கிலேயே பழக்கம் தெரிகிறது.

அறையில் ஒரு பாதி வகுப்பு, மறு பாதி வீடு. இந்தப் பக்கம் வெண்பலகை, புத்தக அலமாரி. அந்தப் பக்கம் பழைய சோபா, பாத்திரம் கழுவும் தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ், டோஸ்டர், பிள்ளைகள் தங்களை முழுசாகப் பார்த்துக்கொள்ள ஒரு நிலைக்கண்ணாடி. சுவரில் லேமினேட் செய்த தாளில் ஆறு கொள்கைகள். எந்த நடத்தையும் ஏதோ ஒன்றைச் சொல்கிற பேச்சுதான் என்பது அவற்றில் ஒன்று. சுவரில் ஒட்டுவதற்கு அருமையான வாசகம். காலை பதினோரு மணிக்கு ஒருவன் பென்சில் டப்பாவை உன் தலையை நோக்கி வீசும்போது அது ஞாபகத்துக்கு வருமா என்பது வேறு கேள்வி.

எட்டுப் பேர் வருகிறார்கள். முதலில் அவரவர் வகுப்புக்குப் போய் வருகைப் பதிவில் பேர் சொல்லிவிட்டுத்தான் இங்கே வர வேண்டும். தனியாகப் பிரித்து வைக்கப்பட்ட பிள்ளைகள் அல்ல இவர்கள். நாளில் ஒரு பகுதி இங்கே, மீதி அங்கே. இரண்டிலிருந்து நான்கு பருவங்களுக்குள் முழுசாகத் திரும்பிவிட வேண்டும் என்பது கணக்கு.

பெரியவர்கள் இரண்டு பேர். நரைத்த தலையோடு ஓர் ஆசிரியை, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க உதவி ஆசிரியை. எப்போதும் இரண்டு பேர் இருந்தாக வேண்டும். ஒருவர் ஒரு பிள்ளையோடு இருக்கும்போது மற்றவர்களைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும் என்பது வெளிப்படையான காரணம். இன்னொரு காரணம் டோஸ்ட் நேரத்தில் தெரிந்தது.

மேசை விரிப்பைப் போடுவது இருவர். தட்டு வைப்பது ஒருத்தி. இரட்டைப் பின்னல் போட்ட அந்தச் சிறுமி பத்து வரை எண்ணி, பத்துத் தட்டு வைத்தாள். எனக்கும் துணிப்பை அம்மாவுக்கும் இல்லை. நாங்கள் கணக்கில் வரமாட்டோம் என்பதை அவளே முடிவு செய்துவிட்டாள். ரொட்டி வாட்டும் வாசனை வந்ததும் அறையில் பேச்சு தணிகிறது. வெண்ணெய் தடவும் கத்தி ஒன்றுதான். வேண்டுமென்றே ஒன்று. கேட்டு வாங்க வேண்டும், தடவ வேண்டும், அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். கத்தி மேசையைச் சுற்றி வருவதற்குள் முதல் பிள்ளையின் ரொட்டி ஆறிவிடுகிறது. யாரும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. இதைப் பழக்குவதற்கு எத்தனை வாரம் ஆகியிருக்கும்!

இளையவர் சொன்னார்: "பால் தீர்ந்துபோச்சு மிஸ். நான் வாங்கி வைக்கிறேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்ல. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், காலையில டீ இல்லாம முடியாது. கட்டங்காப்பி குடிச்சுக்கறேன். நாளைக்கு ரெண்டு பேரும் ஞாபகம் வெச்சுக்குவோம்."

எட்டுப் பிள்ளைகளின் வாயும் நின்றுவிட்டது. ஒரு பெரியவர் தப்புப் பண்ணினார். இன்னொரு பெரியவர் கத்தவில்லை, கதவை அறையவில்லை. ஏமாற்றம் என்று வாய்விட்டுச் சொன்னார், அதோடு காரியம் முடிந்தது. சில பிள்ளைகளின் முகத்தில் அடுத்து என்ன நடக்குமோ என்ற எதிர்பார்ப்பு வடிய நேரமானது. பெரியவர்கள் இருவர் சண்டையில்லாமல் ஒத்துப்போவதைக் கண்ணால் பார்ப்பதே இந்த அறையில் ஒரு பாடம். அதற்காகத்தான் இரண்டு பேர்.

என் நாற்காலி இருந்த கோணத்தில், சற்று முன்பு ஜாம் எடுக்கத் திறந்தபோது, ஃபிரிட்ஜின் உள்பக்கம் எனக்குத் தெரிந்தது. கதவில் முழு பாட்டில் பால். துணிப்பை அம்மாவைப் பார்த்தேன். அவர் ஏதோ ஒரு வரி எழுதினார். முகத்தில் ஒன்றுமில்லை.

இந்த டோஸ்ட்டுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1969இல் மார்ஜரி பாக்ஸால் என்ற கல்வி உளவியலாளர், உள் லண்டன் கல்வி ஆணையத்தின் கீழ் ஹாக்னி பகுதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வறுமை, நெரிசல், புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் அல்லாட்டம். ஐந்து வயதில் பள்ளிக்கு வந்த பல பிள்ளைகளால் உட்கார முடியவில்லை, காத்திருக்க முடியவில்லை. அடித்தார்கள், அல்லது பேசாமல் சுருண்டார்கள். பள்ளிகள் அவர்களை மனநல ஆலோசனைக்கு எழுதி அனுப்பின, ஆலோசனை மையங்களால் அத்தனை பேரைத் தாங்க முடியவில்லை. பாக்ஸால் அந்தப் பிள்ளைகளிடம் நோயைத் தேடவில்லை. முதல் மூன்று வருடத்தில் மடியிலும் சமையலறையிலும் நடக்க வேண்டியது இவர்களுக்கு நடக்கவில்லை, அதைப் பள்ளியில் நடத்துவோம் என்றார். தாய்க்கும் சேய்க்கும் உள்ள பிணைப்பைப் பற்றி ஜான் போல்பி எழுதியிருந்தது அவருக்குக் கைகொடுத்தது. சோபாவும் ரொட்டியும் அலங்காரமாக வந்தவை அல்ல. ஹாக்னியில் ஆரம்பித்த 'நர்ச்சர்' குழுக்கள் லண்டன் முழுக்கப் பரவின. 1990இல் அந்தக் கல்வி ஆணையமே கலைக்கப்பட்டது. தாங்கிய கை போனதும் பல குழுக்கள் சிதறின. மிச்சமிருந்ததைப் பொறுக்கியெடுத்து, பயிற்சி என்றும் படிவம் என்றும் ஒழுங்கு செய்து, நாடு முழுக்கத் திரும்பக் கொண்டுபோனவர்கள் இந்தத் தொண்டு அமைப்புக்காரர்கள். ஒரு யோசனை அதைக் கண்டுபிடித்தவரால் பிறக்கிறது, பஸ் பிடித்து ஊர் ஊராகப் போகிறவர்களால்தான் பிழைக்கிறது.

தட்டுகளில் ஒன்று சிவப்பு. முன்பல் விழுந்த பையனுக்கு அது வேண்டும். பக்கத்துப் பெண்ணிடம் போய்விட்டது. நாற்காலி சரிந்தது, கோப்பை உருண்டது, பையன் மேசைக்கடியில். அங்கிருந்து மேசையின் அடிப்பலகையை உதைக்கும் சத்தம்.

மூத்தவர் தரையில் உட்கார்ந்தார். கிட்டத்தில் அல்ல, ஒரு கை நீளத்துக்கு அப்பால். "சிவப்புத் தட்டு உனக்கு வேணும்னு இருந்துச்சு. கிடைக்கல. கோபம் வந்துடுச்சு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. இளையவர் மற்ற ஏழு பேரிடம் ஜாம் எந்தப் பழத்தில் செய்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் குரல் மட்டும் ஒரு சுருதி ஏறியிருந்தது.

எனக்குக் கை துறுதுறுத்தது. அந்தத் தட்டை மாற்றிக் கொடுத்தால் அரை நிமிடத்தில் முடியும். துணிப்பை அம்மா பையனைப் பார்க்கவே இல்லை. அவர் கண் முழுக்கத் தரையில் உட்கார்ந்த ஆசிரியையின் கை மேல். அந்தக் கை மடியில் கிடந்தது. நீளவில்லை, சுட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. விரல் மட்டும் ஒருமுறை தன் மோதிரத்தைத் திருகியது. உதை மெதுவானது. நின்றது. வெகுநேரம் கழித்து மேசை விளிம்பில் ஐந்து விரல்கள் தெரிந்தன. மூத்தவர் ரொட்டியை அந்தக் கையில் வைக்கவில்லை. மஞ்சள் தட்டில் வைத்து, தட்டை அவன் இடத்தில் வைத்தார். எடுக்க வேண்டுமானால் மேலே வந்து உட்கார வேண்டும். வந்தான். உருண்ட கோப்பையை எடுத்து வைக்கச் சொன்னார். அதையும் எடுத்து வைத்தான்.

மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை. இரண்டாம் வகுப்பு ஆசிரியரான ஓர் இளைஞர், சாண்ட்விச்சைப் பிரித்தபடி பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார்: "நாற்காலியைத் தள்ளிவிட்டா ரொட்டி கிடைக்கும்னு மத்த பிள்ளைங்க பேசிக்கறாங்க. ஒழுங்கா இருக்கறவங்களுக்கு என்ன கிடைக்குது?"

துணிப்பை அம்மா வாதாடவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து ஊற்றிக்கொண்டே கேட்டார்: "மத்தியானம் அந்தப் பையன் உங்க வகுப்புக்குத் திரும்பி வரும்போது, உள்ளே நுழையற நேரத்துல நீங்க என்ன சொல்றீங்க?"

"என்ன சொல்றது... உட்காருன்னு சொல்வேன்."

"சரி."

அவ்வளவுதான். இளைஞர் ஒரு கடி கடித்து, மெல்லாமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

அந்த இளைஞரின் புகாரை அற்பம் என்று தள்ள முடியாது. அங்கே எட்டுப் பேருக்கு இரண்டு பெரியவர்கள். அவர் வகுப்பில் முப்பதுக்கு அவர் ஒருவர். பணம் இறுகும்போது தலைமை ஆசிரியரின் கண்ணில் முதலில் படுவதும் அந்த உதவி ஆசிரியையின் சம்பளம்தான். இதைத் தலைமை ஆசிரியரே தம் அறையில் ஒளிக்காமல் சொன்னார். துணிப்பை அம்மா ஒரு தாளை எடுத்து நீட்டினார். கிளாஸ்கோவில் 32 பள்ளிகளை எடுத்து, பாதியில் இந்தக் குழு இருந்தும் பாதியில் இல்லாமலும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு, 2009இல் வெளியானது. குழு இருந்த பள்ளிகளில் நடத்தை மட்டுமல்ல, எழுத்தறிவும் கூடுதலாக ஏறியிருந்தது. தலைமை ஆசிரியர் வாசித்துவிட்டு, "எனக்கு ஜூலை வரைக்கும்தான் உறுதியா சொல்ல முடியும்" என்றார். அந்த அம்மா குறித்துக்கொண்டார். இந்த வேலையில் பாதி இப்படி ஜூலை வரைக்கும், டிசம்பர் வரைக்கும் என்று தவணை வாங்குவதுதான் போல.

மூன்றரைக்குப் பள்ளி காலி. மூவரும் அதே குட்டி மேசையில் படிவத்தோடு உட்கார்ந்தார்கள். பாக்ஸால் விவரப்படிவம். மொத்தம் 68 வரிகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண். பிள்ளையை நன்றாகத் தெரிந்தவர்தான் நிரப்ப வேண்டும். முன்பல் விழுந்தவனுடைய தாள். தன் முறைக்குக் காத்திருப்பது பற்றிய வரிக்கு வந்ததும் மூத்தவர் "மூணு" என்றார்.

"ரெண்டு" என்றார் இளையவர், தயங்கித் தயங்கி.

"ரெண்டு பேரும் எப்ப பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க" என்றார் துணிப்பை அம்மா.

"திங்கட்கிழமை கை கழுவ வரிசையில நின்னானே. மூணாவது ஆளா."

"நின்னான் மிஸ். ஆனா நீங்க அவன் பக்கத்துல நின்னீங்க. நீங்க இல்லாதப்ப நிக்கறதில்ல."

மூத்தவருக்கு முகம் கொஞ்சம் மாறியது. பிறகு ரப்பரை எடுத்து மூன்றை அழித்தார். பையன் மேல் பாசம் இருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டியிருக்கிறது. குறைத்தால்தான் அடுத்து எதைப் பழக்குவது என்று தெரியும். காலையில் மேசைக்கடியில் நடந்ததை விட இது அவருக்குக் கஷ்டமாக இருந்ததாக எனக்குப் பட்டது.

இருபதாவது வரியைத் தாண்டியதும் துணிப்பை அம்மா பேனாவை வைத்தார். "தரையில உட்கார்ந்தீங்களே, அந்தத் தூரம் ரொம்பச் சரி. பேச்சைச் சீக்கிரம் நிறுத்தினதும் சரி." கொஞ்சம் நிறுத்தி, "பால் விஷயம்தான்..."

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"ரெட்டைப் பின்னல் போட்ட பொண்ணு அப்புறமா ஃபிரிட்ஜைத் திறந்தா. பாட்டிலைப் பார்த்தா. மூடிட்டு உங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. நான் பார்த்துட்டிருந்தேன்."

நான் கவனிக்கவில்லை. இளையவர் வாயைப் பொத்திக்கொண்டார். "பயிற்சியில சொன்னாங்களே, நாம பேசிக்கறதைப் பிள்ளைங்க பார்க்கணும்னு..."

"பார்க்கணும். ஆனா இருக்கறதை வெச்சுப் பேசுங்க. பெரியவங்க சொல்றது நிஜமா பொய்யான்னு கண்டுபிடிக்கறதுல இந்தப் பிள்ளைங்களுக்கு நம்மளை விட அனுபவம் அதிகம்."

"அவகிட்ட நாளைக்குச் சொல்லிடட்டுமா? பால் இருந்துச்சு, நான் சும்மா சொன்னேன்னு?"

மூத்தவர் முந்திக்கொண்டார்: "டோஸ்ட் நேரத்துல வேண்டாம். தட்டு எடுத்து வைக்கும்போது, அவகிட்ட மட்டும்."

துணிப்பை அம்மா தலையாட்டிவிட்டு மறுபடி பேனாவை எடுத்தார். நாற்பது வரி முடியும்போது துப்புரவுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். மீதியை வியாழக்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு. அன்றைக்கு மைதானத்தில் யாருக்கு டியூட்டி என்று பார்க்க இருவரும் சுவர் அட்டவணைக்குப் போனார்கள்.