குளிரினும் கொடிது அவசரம்

கனடாவின் கியூபெக், ஒன்ராறியோ மாகாணங்களில் குளிர்காலம் ஆண்டுதோறும் நான்கைந்து மாதங்கள் நீடிப்பதால், அங்கு வாழ்வோர்க்குப் பனிப்பொழிவு புதுமையும் அன்று, பேரிடரும் அன்று. பனியை வாரி ஒதுக்கும் கருவிகளும் பழக்கமும் ஊர்தோறும் உண்டு. அவர்கள் உண்மையில் அஞ்சுவது உறைமழைக்கே. மேலிருந்து விழும் பனித்துகள் வழியில் வெப்பமான காற்றடுக்கு ஒன்றைக் கடக்கையில் உருகி நீர்த்துளியாகிறது. பின்னர் நிலத்தை ஒட்டித் தேங்கிய மெல்லிய குளிரடுக்கில் நுழைந்ததும், மீண்டும் பனியாக இறுகப் போதிய நேரமின்றிப் பூச்சியத்துக்குக் கீழான வெப்பநிலையிலும் நீராகவே இறங்கி, தொட்ட கிளையிலும் கம்பியிலும் சாலையிலும் அக்கணமே உறைந்துவிடுகிறது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு குளிர்காற்றைத் தன்னுள் தேக்கிவைக்கும் இயல்புடையது ஆதலால், மொன்றியல் வட்டாரத்தில் இம்மழை அடிக்கடி பெய்கிறது.

1998 ஜனவரி 5 முதல் 10 வரை அங்கு விட்டுவிட்டுப் பெய்த உறைமழை, சில இடங்களில் 100 மில்லிமீட்டர் அளவை எட்டியது. மரங்களும் மின்கம்பிகளும் தம்மேல் படிந்த பனிக்கட்டியின் சுமை தாளாமல் முறிந்தன; ஒரு கோபுரம் சரிகையில் அதனுடன் கம்பியால் பிணைக்கப்பட்ட அடுத்த கோபுரத்தையும் இழுத்து வீழ்த்தியதால், ஏறத்தாழ 1,000 இரும்புக் கோபுரங்களும் 30,000 மரக்கம்பங்களும் சாய்ந்தன. எல்லைக்கு அப்பாலுள்ள அமெரிக்க மாநிலங்களையும் சேர்த்து 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் இழந்தனர். மொன்றியலுக்குத் தெற்கே செயின்ட் ஹயசிந்த், கிரான்பி, செயின்ட் ஜான் ஆகிய நகரங்களுக்கு இடைப்பட்ட நிலப்பகுதியில் இருள் பல வாரங்கள் நீடித்தமையால், அது ‘இருள் முக்கோணம்’ என்றே பெயர் பெற்றது. கியூபெக்கில் பெரும்பாலான வீடுகள் மின்சாரத்தாலேயே சூடேற்றப்படுபவை என்பதால், விளக்கு அணைந்தபோதே வீட்டின் வெப்பமும் அடங்கியது. எரிவாயு உலை உள்ள வீடுகளிலும் சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறி மின்சாரத்தால் சுழல்வதால், அங்கும் நிலைமை வேறாக இருப்பதில்லை.

இத்தகைய வேளையில் உயிர்களைப் பறிப்பது குளிர் மட்டுமன்று; குளிரிலிருந்து உடனே தப்ப வேண்டும் என்ற பதற்றமும் அதே அளவுக்குக் கொல்கிறது. வீட்டுக்குள் கரியடுப்பை மூட்டுவோரும், கார் கொட்டகைக்குள் ஜெனரேட்டரை இயக்குவோரும், எரிபொருள் அரைகுறையாக எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவைத் தம் வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்கின்றனர். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஈமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்வதால், தலைவலியும் தூக்கமும் வருவதாக எண்ணிப் படுத்தவர் எழாமலே போகிறார். 1998-இலும், டொராண்டோவில் ஏறத்தாழ 3,00,000 மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்ட 2013 டிசம்பர் உறைமழையின்போதும், இந்நஞ்சு உயிர்களைக் கவர்ந்தது. டொராண்டோவின் ஸ்கார்பரோ போன்ற பகுதிகளில் தமிழர் பெருந்தொகையாக வாழ்வதால், தமிழ்க் குடும்பங்களும் கருத்தூன்றிக் கற்க வேண்டிய பாடம் இது. எரியும் எதையும் வீட்டுக்கு வெளியே, சன்னலை விட்டு விலக்கி வைப்பதும், மின்கலத்தால் இயங்கும் வாயு எச்சரிப்புக் கருவியைப் பொருத்துவதும், ஒரே அறையில் அனைவரும் கூடிக் கம்பளிகளை அடுக்காகப் போர்த்திக்கொள்வதும் எளிய காரியங்கள். ஆயினும் கருவியும் கம்பளியும் முன்பே வீட்டில் இருந்தால்தான் அவை கைகூடும்.

சாலையிலும் கேடு விளைவிப்பது அவசரமே. வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது. தாழ்ந்த வெப்பத்திலும் இளகியே இருக்கும் ரப்பராலான பனிக்கால டயரை, டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதற்கு இதுவே காரணம். சாலையில் தூவப்படும் உப்பும் கடுங்குளிரில் பனியை உருக்கும் ஆற்றல் குன்றிப்போகும். மேலும் கீழும் காற்றால் குளிர்விக்கப்படும் பாலங்கள் பிற சாலைகளுக்கு முன்பே உறைவதால், ஈரமாகத் தோன்றும் இடம் உண்மையில் கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டிப் படலமாக இருக்கக்கூடும். அதன்மேல் சறுக்கும் வாகனத்தில் பிரேக்கை ஓங்கி மிதிப்பது கைகொடுக்காது. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்து, செல்ல வேண்டிய திசையை நோக்கி ஸ்டியரிங்கை மெல்லத் திருப்புவதே வழி. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் பஃபலோ நகரைச் சூழ்ந்த பனிப்புயலில் வாகனங்களுக்குள்ளேயே சிக்கி இறந்தோர் உண்டு. வழியில் சிக்கியவர் வாகனத்தைக் கைவிட்டு நடக்காமல், புகைபோக்கியை மூடிய பனியை அகற்றி, சன்னலைச் சற்றே திறந்து, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இயந்திரத்தை இயக்கிக் காத்திருப்பதே நன்று. புயல் எச்சரிக்கை வந்த நாளில் புறப்படாதிருப்பது அதனினும் நன்று.

தனி வீட்டின் ஆயத்தமும் நீண்ட இருளுக்குப் போதாது என்பதை 1998-ஆம் ஆண்டே உணர்த்தியது. மொன்றியலை அடுத்த பூஷர்வில் நகரில் ரயில் இன்ஜின் ஒன்றைத் தண்டவாளத்திலிருந்து தெருவில் இறக்கி, அதன் மின்னாக்கியால் நகர மன்றக் கட்டடத்துக்கு மின்சாரம் அளித்தனர்; பள்ளிக்கூடங்கள் தங்குமிடங்களாயின; 15,000-க்கும் மேற்பட்ட படைவீரர்கள் உதவிக்கு வந்தனர். எனினும், தனித்து வாழும் முதியவரின் கதவை முதலில் தட்டக்கூடியவர் அடுத்த வீட்டுக்காரரே. அக்கதவு எது என்பதை அவர் குளிர்காலத்துக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

மழையை நிறுத்தவும் கோபுரங்களைத் தாங்கிப் பிடிக்கவும் தனிமனிதரால் இயலாது. ஆனால் 72 மணி நேரத்துக்கான நீரும் உணவும் மருந்தும் சேர்த்துவைப்பதும், டயரை உரிய காலத்தில் மாற்றுவதும், அண்டை வீட்டாரை அறிந்துகொள்வதும் ஒவ்வொருவருக்கும் இயலும். அவற்றைச் செய்வதற்குரிய காலம் இலையுதிர்காலம். பனி விழுந்த பின் தொடங்குவோர் அந்த அவசரத்துக்கு விலை கொடுக்க நேரும்.