குழை தாழ்க்க ஓர் இடம்

ஒஸ்லோவில் மே 17க்கு முந்தி மிளகாய்க் கன்றை வெளியே வைக்கக் கூடாது. அது நோர்வேயின் தேசிய நாள். கொடியும் பாண்ட் வாத்தியமும் பிள்ளைகளின் ஊர்வலமும் முடிந்த பிறகுதான் எங்கள் தோட்டக்காரர் யன்னலோரத்து நாற்றுகளை வெளியே கொண்டுவருவார்கள். அவசரப்பட்டால் ஒரே இரவு உறைபனியில் கன்று கறுத்துச் சுருண்டுவிடும்.

2017ஆம் ஆண்டு, அப்படியொரு மே மாதக் கடைசி. எங்கள் தோட்டத்தின் முதல் பருவம். குறூருட் பள்ளத்தாக்கில், எழுபதுகளில் எழுந்த தொடர்மாடிகளின் பின்புறம், வெறும் புல் மட்டும் வளர்ந்து கிடந்த ஒரு துண்டு நிலத்தில் இருபத்துநான்கு மரப்பெட்டிகளை வைத்திருந்தோம். சரக்குத் தட்டின் மேல் பொருத்தும் பலகைச் சட்டம் அது. இங்கே ‘பல்லெகார்ம்’ என்பார்கள். 80 சென்ரிமீற்றர் அகலம், 120 சென்ரிமீற்றர் நீளம். ஒரு சதுர மீற்றர்கூட வராது. அதில் ஒன்று, யாழ்ப்பாணத்து இணுவிலில் பன்னிரண்டு பரப்புச் செம்பாட்டு மண்ணில் தோட்டம் செய்த ஒரு தாய்க்குக் கிடைத்தது. பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. எல்லோருக்கும் அவர் இணுவில் அம்மா.

அம்மா இரண்டு பை நிறைய இலைகளோடு வந்தார். ஒரு பையில் மரக்கிளைகளில் ஒடித்த இளங்குழை. மற்றதில், கையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு வேலியோரம் பிடுங்கிய காஞ்சோண்டி. இங்கத்தைய காஞ்சோண்டி நம் ஊர்ச் செடியல்ல, ஆனால் கடி ஒன்றுதான். பெட்டி மண்ணில் ஒரு முழத்துக்கு வாய்க்கால் கிண்டி, குழையை அடுக்கி, காலால் மிதித்து, மண்ணை மூடினார். பக்கத்துப் பெட்டிக்காரர், ஓய்வுபெற்ற மின்தொழிலாளி, நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “என்ன புதைக்கிறார்?” என்று என்னிடம் கேட்டார்.

“சொல்லு பிள்ளை, இது பசளையெண்டு. எங்கட ஊரிலை பூவரசங்குழை, கிளிசறியா, பனையோலை எல்லாம் தாழ்ப்பம். மண்ணுக்குச் சாப்பாடு குடுக்காமல் மண்ணிட்டைச் சாப்பாடு கேக்கேலாது.”

நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையாட்டினார். மேற்குக் கரையோரத்தில் தன் பாட்டியார் உருளைக்கிழங்கு நிலத்தில் கடற்பாசி பரப்பியதைச் சின்ன வயதில் பார்த்ததாகச் சொன்னார். அன்று மாலை அவரும் ஒரு கட்டுக் காஞ்சோண்டி பிடுங்கிவந்தார். அவர் கைக்கு உறை போடவில்லை.

அம்மா குழை தாழ்க்கக் கற்றது தகப்பனிடம். ஆனால் அதன் அருமை தெரிந்தது தொண்ணூறுகளில். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு வந்த பொருளாதாரத் தடையில் யூரியா இல்லை, எரிபொருள் இல்லை. மண்ணெண்ணெய் விற்ற விலையில் நீரிறைக்கும் இயந்திரத்தைத் தொட முடியவில்லை. கைவிட்டிருந்த துலாவை மறுபடி பூட்டினார்கள். இரவில் ஜாம்போத்தல் விளக்கு. பசளைக்கு ஆட்டெருவும் குழையும் மட்டுமே. 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, அம்மா கத்தரிக்கு இறைத்த ஈரம் காயமுன் வெளியேறினார். சில ஆண்டுகளுக்குப் பிறகு மகனிடம் ஒஸ்லோவுக்கு வந்தார். வந்தபின், இந்த ஒரு பெட்டி கிடைக்கும்வரை, அவர் மண்ணைத் தொட்டதேயில்லை. யன்னலோரத்துப் பூச்சட்டியைக்கூட மருமகள்தான் பார்த்துக்கொண்டாள்.

இதில் அம்மா தனியானவர் அல்ல. எண்பதுகளில் நோர்வேக்கு வந்த நாங்கள் வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் மீன் வெட்டினோம். ஒஸ்லோவுக்கு இறங்கி உணவகங்களில் கோப்பை கழுவினோம், வைத்தியசாலைகளில் துடைத்தோம், பிறகு படித்தோம், வீடு வாங்கினோம். கோவில் கட்டினோம், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தினோம். எல்லாம் பெருமைக்குரியவைதான். ஆனால் வந்த நாட்டின் நிலத்தில் கைவைக்கவில்லை. தோட்டக்காரரின் பிள்ளைகளான நாங்களே கறிவேப்பிலையை விமானத்தில் வரவழைத்துக் கிராம் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தோம்.

நோர்வேயில் பயிரிடக்கூடிய நிலம் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 3 வீதம். மிச்சம் மலையும் காடும் பாறையும். அதனால் இந்த மக்களுக்கு மண் என்றால் ஒரு மரியாதை உண்டு, நகரத்துக்குள்ளும் உண்டு. ஒஸ்லோவின் முதல் குடித்தோட்டக் குடியிருப்பு ரூடலோக்காவில் 1907இல் தொடங்கியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத வாடகை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு ஒரு துண்டு நிலமும் அதிலொரு சிறு குடிலும். இன்று அந்தக் குடில்களுக்குப் பெயர் பதிந்தால் பல வருடம் காத்திருக்க வேண்டும். ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது, 1940க்கும் 1945க்கும் இடையில், நகரத்தின் பூங்காக்களிலேயே உருளைக்கிழங்கு போட்டார்கள். இதை அந்த மின்தொழிலாளி அம்மாவுக்குச் சொன்னபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. “அப்ப இவைக்கும் தெரியும்,” என்று பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்.

அம்மாவை ஒருநாள் பியோர்விகாவில் உள்ள லோசேத்தருக்குக் கூட்டிப்போனேன். ஒப்பரா மண்டபத்துக்கு அப்பால், துறைமுகப் பக்கம். கீழே 2010இல் திறந்த நெடுஞ்சாலைச் சுரங்கத்தில் வாகனங்கள் ஓடுகின்றன. மேலே, சுரங்கத்தின் காற்றோட்டக் கோபுரங்களின் அருகே, தானிய வயலும் மரக்கறிப் பாத்திகளும். ஒரு கலைத் திட்டமாகத்தான் தொடங்கியது. ‘பியூச்சர்பார்மர்ஸ்’ என்ற கலைஞர் குழு 2011இல் கால்வைத்த இடம். அடுத்த ஆண்டு அங்கே நூறு பாத்திகள் தருகிறோம் என்றபோது விண்ணப்பித்தவர்கள் ஆயிரக்கணக்கில். 2015 யூன் மாதம் நாட்டின் பல பாகங்களிலுமிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட பண்ணைகளின் விவசாயிகள் தங்கள் மண்ணைக் கொண்டு நகரத்தெரு வழியே ஊர்வலம் வந்து அங்கே கொட்டினார்கள். சாமி தூக்குவதுபோல் மண்ணைத் தூக்கி வந்த ஊர்வலம். எனக்கு இந்த நகரத்தில் பிடித்த காரியங்களில் அது முதலாவது.

அந்த வயலில் பழைய இனத் தானியங்களை விதைக்கிறார்கள். அதிலொன்று காடெரித்து விதைக்கும் ஒருவகை றை. பின்லாந்துக் குடியேறிகள் நூற்றாண்டுகளுக்கு முன் நோர்வேயின் கிழக்குக் காடுகளுக்குக் கொண்டுவந்தது. அழிந்துபோயிற்று என்றே நினைத்திருந்தார்கள். பிறகு, பழைய தானிய உலர்த்தும் குடிலொன்றின் பலகை இடுக்கில் சில மணிகள் அகப்பட்டன. ஊன்றிப் பார்த்தபோது முளைத்தன. நெஞ்சுயரம் நின்ற கதிர்களை அம்மா விரலால் தொட்டார். உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் கசக்கி, ஊதி, மணியைப் பல்லில் கடித்துப் பார்த்தார். “பலகை இடுக்கிலையோ?” என்று இரண்டு தரம் கேட்டார். பஸ்ஸில் திரும்பும்போது, இடம்பெயர்ந்த அன்று வீட்டுக் கூரை வளையில் சொருகி வைத்துவிட்டு வந்த பாவல் விதைப் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவர் போனதில்லை.

பெட்டிக்குள் என்ன வளர்கிறது என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். கேல் வளர்கிறது, அதை முருங்கையிலைபோல் சின்னதாய் அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தால் வித்தியாசம் குறைவு. வெந்தயக்கீரை நன்றாக வரும். பீற்றூட், கரட், பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாம் வரும். பயற்றங்காய்க்குச் சூடு போதாது. கொத்தமல்லியும் ஸ்பினாச்சும் சிரமம். யூன் கடைசியில் பகல் கிட்டத்தட்ட 19 மணித்தியாலம். அந்த வெளிச்சத்தில் இலை விட மறந்து பூத்துவிடுகின்றன. மிளகாயை மார்ச்சிலேயே யன்னலில் முளைக்கவைத்தால் ஓகஸ்டில் பழம் பார்க்கலாம்.

பயிரைவிட ஆட்களை ஒன்றுசேர்ப்பதுதான் கடினம். நான் ஆறு வருடம் நிர்வாகக் குழுவில் இருந்தேன், அறிந்து சொல்கிறேன். நோர்வேஜியருக்கு ‘டுக்னாட்’ என்றொரு சொல் இருக்கிறது. கூலி இல்லாமல் எல்லோரும் சேர்ந்து செய்யும் வேலை. 2004இல் நாட்டின் சொல்லாக அதைத் தெரிவு செய்தார்கள். நம்மூர்ச் சிரமதானம்தான். பள்ளிக்கூடக் கிணறு இறைத்தது, வீதி ஓரம் செருக்கியது, கோவில் மடம் துப்புரவாக்கியது எல்லாம் நமக்குத் தெரிந்தவையே. அப்படியிருக்க, எங்கள் டுக்னாட்டுக்குத் தமிழர் வரவில்லை, சோமாலியர் வரவில்லை, பாகிஸ்தானியர் வரவில்லை என்று முதலாம் ஆண்டு முடிவில் குறை கேட்டது. கூட்டத்தில் ஒருவர், வேலைக்கு வராதவரின் பெட்டியைப் பறிக்கலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்டேன். சனிக்கிழமை காலை பத்து மணி என்று நாங்கள் வைத்த நேரம்தான் காரணம். பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, குர்ஆன் வகுப்பு, முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை. அடுத்த ஆண்டு யூன் மாதத்துப் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு மாற்றினோம். இரவு பத்துக்கும் வெளிச்சம் நிற்கும் மாதம். முப்பத்தொரு பேர் வந்தார்கள். சமோசாவும் வாபலும் மோதகமும் ஒரே மேசையில் இருந்தன.

2018 கோடையில் மழை பொய்த்தது. தென்நோர்வே முழுவதும் வைக்கோல் நிறமாகிவிட்டது. ஒஸ்லோவில் தோட்டங்களுக்குக் குழாயால் தண்ணீர் விடக் கட்டுப்பாடு வந்தது. இந்த நகரத்தின் குடிநீரில் ஏறத்தாழ 90 வீதம் மாரிடால் ஏரி ஒன்றிலிருந்தே வருகிறது என்பது அதற்குமுன் எங்களில் பலருக்குத் தெரியாது. அந்த வருடம் எல்லோரும் அம்மாவைத்தான் கேட்டார்கள். அவர் பொழுதுபட்ட பிறகு, சிறு போத்தலால், அடித்தண்டில் மட்டும் விட்டார். புல் வெட்டியதை மண்ணில் பரப்பினார். பீலியில் விழும் நீருக்குப் பீப்பாய் வைக்கச் சொன்னார். பீப்பாய்கள் இன்றும் நிற்கின்றன.

ஆனால் மண்ணை மூடிய அந்தப் புல்லால் அடுத்த ஆண்டு ஒரு கேடும் வந்தது. மழை திரும்பியதும் ஓடில்லாத பழுப்பு நத்தை அதற்குள் குடிபுகுந்தது. நோர்வேயில் 1988இல் முதன்முதல் காணப்பட்ட அந்நிய இனம். ஒரு இரவில் ஒரு பெட்டிக் கேலை நரம்பாக்கிவிடும். வேறிடத்தில் கொண்டுபோய் விட்டால் அங்கே பெருகும், கொல்லத்தான் வேண்டும். அம்மாவுக்கு அது முடியவில்லை. “சீவனெல்லே,” என்றார். கடைசியில் ரோர்ச் வெளிச்சத்தில் அவர் பொறுக்கி வாளியில் போட, மேல்மாடி சோமாலியப் பெண் வாளியை எடுத்துப்போனாள். என்ன செய்தாள் என்று அம்மா கேட்டதில்லை.

ஊரில் எல்லாம் சரியாகச் செய்தோம் என்று நான் எழுதமாட்டேன். தடை நீங்கி உரம் மலிவாய் வந்தபின், வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அள்ளிக் கொட்டினோம். சுண்ணாம்புக்கல் நிலம் அதை அப்படியே கிணற்றுக்கு இறக்கியது. வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீர் அளவைத் தாண்டிவிட்டதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. இணுவிலும் அந்தப் பிரதேசம்தான். அம்மாவின் வீட்டுக் கிணறும் அந்த நிலத்தடி நீரில்தான் இருக்கிறது.

இங்கே மாநகரசபை வேறொரு பாதை எடுத்தது. ஒஸ்லோவில் சாப்பாட்டுக் கழிவைப் பச்சைப் பையில் கட்டிப் போடுகிறோம், பிளாஸ்டிக்கை வேறு நிறப் பையில். தரம்பிரிக்கும் நிலையத்தில் கமரா நிறம் பார்த்துப் பிரிக்கிறது. பச்சைப் பைக் கழிவு றூமரிக்கே பகுதியில் உள்ள உயிர்வாயு ஆலைக்குப் போகிறது. வாயு வாகனங்களுக்கு, மிஞ்சும் திரவம் பண்ணைகளுக்கு உரம். 2019இல் ஐரோப்பாவின் பசுமைத் தலைநகர் என்ற பட்டம் ஒஸ்லோவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு 2030 வரையான நகர வேளாண்மைத் திட்டம் ஒன்றையும் நகரம் ஏற்றுக்கொண்டது. எங்கள் பள்ளத்தாக்குப் பக்கத்திலேயே, பழைய லின்டெருட் பண்ணையில், அயலவர்க்கான பொதுத்தோட்டம் இருக்கிறது. ஆகவே இடம் இல்லை, ஆதரவு இல்லை என்று நாங்கள் சொல்ல முடியாது.

கடந்த வருடம் பெட்டிகள் நாற்பதாகின. அவற்றில் பதினொன்று தமிழ்க் குடும்பங்களுடையவை. இணுவில் அம்மாவுக்கு இப்போது எண்பத்துமூன்று. குனிய முடியாததால் அவருடைய பெட்டியை மூன்று சட்டம் உயர்த்திக் கொடுத்திருக்கிறோம். மின்தொழிலாளி பலகை பூட்டினார். மேயில் பாடசாலைப் பிள்ளைகள் வரும்போது குழை தாழ்ப்பதை அம்மாதான் காட்டுகிறார். தமிழில் சொல்கிறார், பேத்தி நோர்வேஜிய மொழியில் சொல்கிறாள்.

ஒஸ்லோவில், பேர்கனில், ஸ்தவாங்கரில், ஏன் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வீட்டிலும், யன்னலருகில் கதிரை போட்டு இருத்திவைத்த ஓர் அம்மாவோ அப்பாவோ இருப்பார்கள். பனி உருக முன்னரே உங்கள் குடியிருப்பு நிர்வாகத்திடம் நாலு பெட்டிக்கு இடம் கேளுங்கள். விண்ணப்பத்தில் உங்கள் பெயரை எழுத முந்தி அவர்களின் பெயரை எழுதுங்கள்.