முதல் வாட்

ஆற்றல் கூடினால் ஒலியின் தரமும் கூடும் என்று நம்பியவர்களுள் நானும் ஒருவன். அந்த நம்பிக்கை ஒரு கருத்தரங்கில் உடைந்தது.

வாய்மொழி வரலாற்று ஆய்வுக்காக நான் பதிவு செய்த நேர்காணல்களுள் ஒன்று, முதிய நெசவாளர் ஒருவருடையது. அவர் இன்று இல்லை. அவர் சொன்னவற்றைவிட, சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட இடங்களே என் வாதத்திற்கு ஆதாரம். துறையிலிருந்த பழைய ஹார்ன் வகை ஒலிபெருக்கிகளை 100 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றுடன் இணைத்து அதை ஒலிக்கச் செய்தேன். அவர் நிறுத்திய போதெல்லாம் 'உஸ்' என்ற இரைச்சல் அறையை நிரப்பியது. "இது மௌனமா, பதிவின் குறையா?" என்று ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அனைவரும் சென்றபின் பதிவுக் கருவியின் இணைப்பைக் கழற்றினேன். இரைச்சல் அப்போதும் தொடர்ந்தது. குறை பதிவில் இல்லை. என் தேர்வில் இருந்தது.

கணக்கு எளியது. வீட்டில் பயன்படும் ஒலிபெருக்கி ஒன்று, ஒரு வாட் ஆற்றலுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபெல் தருவதாகக் கொள்வோம். உணர்திறன் மிக்க ஹார்ன் வகை 104 டெசிபெல் தரக்கூடும். இந்த 17 டெசிபெல் வேறுபாடு, ஆற்றலில் ஏறத்தாழ 50 மடங்கு. முன்னதற்கு 100 வாட் தேவைப்படும் இடத்தில் பின்னதற்கு 2 வாட் போதும். திறந்தவெளிக் கணக்கின்படி 4 மீட்டர் தொலைவில் 75 டெசிபெல் கேட்க, ஒரு வாட்டில் ஐம்பதில் ஒரு பங்கே அதற்குப் போதுமானது.

ஆகவே நாம் கேட்பது பெரும்பாலும் முதல் வாட்டை மட்டுமே. எஞ்சிய 99 வாட் வேலையின்றி நிற்கிறது. ஆனால் ஆம்ப்ளிஃபயரின் உள்ளிரைச்சலையும் அதே ஒலிபெருக்கி 17 டெசிபெல் உயர்த்திக் காட்டுகிறது. ஒலியளவுத் திருகும் தொடக்கத்திலேயே நின்றுவிடுவதால், இடம் வலம் இரண்டும் சமமாக ஒலிப்பதில்லை. வாட் அரிதாயிருந்த 1930களில் திரையரங்குகள் ஹார்ன்களை நாடியதற்குக் காரணம் இந்த உணர்திறனே.

இதனால் சிறியதே சிறந்தது என்று முடிவுகட்டவும் கூடாது. 87 டெசிபெல் ஒலிபெருக்கியை 8 வாட்டால் இயக்கினால், இசையின் உச்சங்கள் வெட்டுண்டு சிதையும். இங்கு தேவை பொருத்தம். அத்துடன், தாழ்ந்த பெருக்கமும் குறைந்த உள்ளிரைச்சலும்.

இரைச்சல் குறைந்த 8 வாட் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இரவல் வாங்கி, அதே அறையில் அதே பதிவை மீண்டும் ஒலிக்கவிட்டேன். முதியவர் நிறுத்தினார். அவர் மூச்சை உள்ளிழுப்பதும், ஒரு சொல்லின் முதல் எழுத்து உதட்டுவரை வந்து திரும்புவதும் கேட்டன. முன்பு கேள்வி எழுப்பியவர் இம்முறை எதுவும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.