மில்லு சத்தம்

"மொதல்ல அந்த மிக்ஸியை நிறுத்துங்க!"

புது ஆல்பம் எதையாவது நான் போட்டால் சமையலறையிலிருந்து தங்கமணி கொடுக்கும் குரல் இது. மிக்ஸி அவங்க பக்கத்தில்தான் இருக்கும் என்பது வேற விஷயம் :-)

பூனாவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ராஜா பாட்டுன்னா எனக்கும் உயிர்தான். ஆனாலும் இந்த இண்டஸ்ட்ரியல் ராக் பைத்தியம் மட்டும் விடமாட்டேங்குது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1998. காலேஜ் ஹாஸ்டலில் ஷில்லாங்கிலிருந்து வந்த ரூம்மேட் ஒரு கேசட் கொடுத்தான். நைன் இஞ்ச் நெயில்ஸ் 1994-ல் வெளியிட்ட 'த டவுன்வர்ட் ஸ்பைரல்'. கிடார், டிரம்ஸோடு மெஷின் இரைச்சலும் சேர்ந்து தாளம் போடும். லீவுக்குக் கோவில்பட்டி போனப்ப வீட்டில் போட்டேன். ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃப்ரேம் பக்கத்தில் காலம் தள்ளிய அப்பா, கொஞ்ச நேரம் தலையைச் சாய்ச்சுக் கேட்டார்.

"என்னலே இது, பேரிங் போன ஃப்ரேம் மாதிரி கத்துது? இதையா காசு கொடுத்து வாங்குன?"

ஓசிதான்னு சொல்லிச் சிரிச்சேன். எனக்குப் பொழுதுபோக்கா இருந்த சத்தம் அவருக்குப் பொழைப்பு. அதில்தான் அவர் காதும் போச்சுன்னு அப்ப உறைக்கலை.

பின்னாடி போன்ல கத்தித்தான் பேசணும். 2021 ஏப்ரலில் ஒருநாள், மீட்டிங் நடுவில் கூப்பிட்டார். நாலு தடவை கத்தியும் அவருக்குக் கேட்கலை. "அப்புறம் பேசுறேன்ப்பா"ன்னு எரிச்சலோட வச்சுட்டேன். அப்புறம் பேசவே இல்லை. பத்து நாளில் கொரோனா கொண்டுபோயிடுச்சு. நான் ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது.

ஒரு வருஷம் எதையும் கேட்கத் தோணலை. 2022 ஏப்ரல் 29-ல் ராம்ஸ்டைனின் 'ட்ஸைட்' வந்தது. ஜெர்மன்காரங்க. 1994-லிருந்து அதே ஆறு பேர். மேடையில் நெருப்பு கக்குற கூட்டம். 2009-க்கு அப்புறம் அடுத்த ஆல்பத்துக்குப் பத்து வருஷம் காக்க வச்சவங்க, கொரோனாவில் டூர் நின்னு போனதால் இதை மூணே வருஷத்தில் முடிச்சிருந்தாங்க. 'ட்ஸைட்'னா காலம். அந்தப் பாட்டு பியானோவில் மெதுவா ஆரம்பிக்குது. இன்னொரு பாட்டில், வயசை மறைக்க முகத்தை அறுத்துத் தைச்சுக்கறவங்களைக் கிண்டல் பண்றாங்க. கடைசிப் பாட்டு பேரே 'அடியூ', அதாவது போய் வருகிறேன். அட, நம்மாளுங்களுக்கும் வயசாகுதேன்னு இருந்தது.

ஆனா என்னை உடைச்சது த க்யூர். 16 வருஷம் கழிச்சு 2024 நவம்பர் 1-ல் வந்த 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. எட்டே பாட்டு. இரைச்சல் இருக்கு, அவசரம் இல்லை. ராபர்ட் ஸ்மித் அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரையும் இழந்துட்டு எழுதினது. அதில் 'ஐ கேன் நெவர் சே குட்பை' அண்ணனுக்கான பாட்டு. பால்கனியில் நின்னு கேட்டேன். மூணு வருஷமா வராத அழுகை வந்தது.

2025-ல் அப்பா திதிக்குக் காரில் போனோம். கோவில்பட்டி நெருங்கும்போது அந்தப் பாட்டு ஓடிச்சு.

"யாருக்காகப் பாடறார்?" தங்கமணி கேட்டாங்க.

"செத்துப்போன அண்ணனுக்கு."

வழக்கமா வால்யூமுக்குப் போற கை அன்னிக்குப் போகலை.

பி.கு: 2025 செப்டம்பரில் 'ட்ரான்: ஏரஸ்' படத்துக்கு நைன் இஞ்ச் நெயில்ஸ் போட்ட ஆல்பத்தைப் பொண்ணுகிட்ட கொடுத்தேன். "தாத்தா சொன்னது சரிதான்ப்பா, மில்லு சத்தமேதான்"னு சொல்லிட்டு முழுசா கேட்டா. ஹெட்ஃபோன் சத்தத்தை மட்டும் பாதியாக் குறைச்சுக் கொடுத்தேன்.