ஐம்பது பேனை கிட் ஓடர் பண்ண முன்னர்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள். நிதி சேர்க்கிற சகோதரர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை சும்மா இருக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது கைத்தொழில் பழக்கிக் கொடுப்போம் என்று நம்மூர்ச் சகோதரர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், நல்ல எண்ணம். அதில் ஒரு யோசனைதான் மரப் பேனை. மரத்தை லேத்தில் கடைந்து, உள்ளே வெளிநாட்டு உதிரிப் பாகங்களைப் பூட்டி அழகான பேனையாக்கி, பின்னவலைக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கலாம் என்பது கணக்கு. அந்த உதிரிப் பாகங்கள் அடங்கிய சிறிய பொதியைத்தான் ‘பேனை கிட்’ என்கிறார்கள். ஐம்பது கிட் ஒரே தடவையில் எடுப்போமா என்று என்னிடம் கேட்டார்கள். நான் செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் பாடம் எடுக்கிறவன் என்பதால் கேட்டிருப்பார்கள்.

கட்டாரில் இருக்கிற என் மச்சான் போன விடுமுறைக்கு வரும்போது மூன்று வகை கிட் கொண்டுவந்து தந்திருந்தார். மூன்றையும் செய்து, எழுதியும் பார்த்தாயிற்று. செய்தது நான் அல்ல. எங்கள் பாடசாலையில் படித்து, சனி ஞாயிறுகளில் பஸாரில் தளபாடக் கடை வைத்திருக்கிற பாஸ் நானாவிடம் போய் நிற்கிற ஒரு பிள்ளை. பெயர் வேண்டாம். அப்பா இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். கொப்பியில் எழுத்து கோணலாக இருக்கும், ஆனால் கையில் உளி இருந்தால் கோடு பிசகாது. அப்படிப்பட்ட பிள்ளைகளை எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும்.

முதலில், கிட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பித்தளைக் குழாய் ஒன்று அல்லது இரண்டு, முனைப் பகுதி, கிளிப், மேல் மூடி, ரீபிலை வெளியே தள்ளுகிற பொறி, ஒரு ரீபில். அவ்வளவுதான். மரத்தை நாம்தான் தேட வேண்டும். முக்கால் அங்குலச் சதுரக் கட்டையின் நடுவே நேராகத் துளையிட்டு, குழாயை உள்ளே ஒட்டி, இரண்டு அந்தங்களையும் குழாயின் வாய்மட்டத்துக்குச் சரியாகச் சீவி, பிறகு லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும். மினுக்கிய பின்னர் மற்றப் பாகங்களை உள்ளே அழுத்திப் பொருத்தினால் பேனை.

படங்களில் எல்லாக் கிட்டும் ஒரே மாதிரித் தங்க நிறத்தில் மின்னும். இரத்தினபுரியில் கல் வாங்குகிறவர்கள் மினுக்கத்தைப் பார்த்தா வாங்குகிறார்கள்? வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே என்ன இருக்கிறது என்றுதானே பார்க்கிறார்கள். கிட்டிலும் உள்ளே பார்க்க வேண்டியது முதலில் ரீபில். அது முடிந்தால் இன்னொன்று இங்கே கிடைக்குமா?

மச்சான் கொண்டுவந்ததில் ஆக மலிவானது ‘ஸ்லிம்லைன்’. உலகம் முழுவதும் பொழுதுபோக்காகப் பேனை கடைகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் கைப்பழக்கம் எடுக்கிறார்கள். இரண்டு சிறிய குழாய்கள், 7 மில்லிமீற்றர்த் துளை, மெல்லிய உடம்பு, திருகினால் முனை வெளியே வரும். பிள்ளை அதைப் பழைய தேயிலைச் செடியின் வேரில் கடைந்தான். தேயிலை வேர் இவ்வளவு இறுக்கமாகவும் அழகாகவும் இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. மூன்று மாதம் வரவுப் பதிவேடும் புள்ளிப் பட்டியலும் அதால்தான் எழுதினேன்.

மூன்று மாதத்தில் இரண்டு விசயம் தெரிய வந்தது. விரல் படுகிற இடத்தில் தங்கப் பூச்சு மங்கி, அடியில் இருக்கிற பித்தளை தெரிய ஆரம்பித்துவிட்டது. நம்முடைய வெக்கையும் வியர்வையும் அப்படி. மற்றது ரீபில். ஸ்லிம்லைன் எடுப்பது ‘குரொஸ்’ வகை ரீபில். மெல்லியது, மேற்பக்கத்தில் மரை இருக்கும். அது தீர்ந்ததும் எட்டியாந்தோட்டையில் கேட்டேன், அவிசாவளையில் கேட்டேன். கடைக்காரர் என் பேனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “வடிவா இருக்கு சேர்” என்று சொல்லித் திருப்பித் தந்தார். ரீபில் மட்டும் இல்லை. கொழும்பில் பெரிய கடைகளில் தேடினால் அகப்படலாம். பேனைக்கு மைக்குழாய் வாங்கக் கொழும்புக்குப் போகிற ஆள் நம்மூரில் யார்? வெளிநாட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனால் அவருக்கு அங்கே கிடைக்கும், அது வேறு. ஆனால் நம் சனம் கலியாணத்துக்கோ அதிபரின் ஓய்வு வைபவத்துக்கோ வாங்கிக் கொடுத்தால், மூன்றாம் மாதம் அது அலுமாரிச் சாமானாகிவிடும்.

இரண்டாவது கிட், தலையில் அழுத்தினால் முனை வருகிற ‘பார்க்கர்’ வகை ரீபில் எடுப்பது. அந்த ரீபில் கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர் நீளம், உலோக உடம்பு. ஒரு கம்பனியின் அளவாக இருந்தது இப்போது பல கம்பனிகள் செய்கிற பொது அளவாகிவிட்டது. குமிழ்முனையும் இருக்கிறது, ஜெல் மையும் இருக்கிறது. அவிசாவளையிலேயே எடுத்தேன், கேகாலையிலும் இருக்கிறது. முனைப் பகுதியை மரை சுற்றிக் கழற்றி ரீபிலை மாற்றலாம். எதையும் இழுத்துப் பிடுங்கத் தேவையில்லை. எட்டாம் ஆண்டு வகுப்பில் கொடுத்து, “எத்தனை தரம் வேண்டுமானாலும் அழுத்துங்கள்” என்றேன். அதைவிடக் கடுமையான பரிசோதனை எந்தத் தொழிற்சாலையிலும் இராது. இன்றைக்கும் பொறி சரியாக வேலை செய்கிறது. இதன் பூச்சு குரோம், இன்னும் மங்கவில்லை. மங்காது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் மஞ்சள் பூச்சு தேய்ந்து தெரிகிற மாதிரி இது தெரியாது.

ஊற்றுப்பேனை கிட் பற்றி நிறையச் சொல்ல எதுவுமில்லை. பார்க்க அரச பேனை மாதிரி. விலை மற்றவற்றைவிடப் பல மடங்கு. மைப்போத்தல் வைத்து எழுதுகிற ஆட்கள் நம் பக்கம் விரல்விட்டு எண்ணலாம். பழகுகிற பிள்ளைக்குத் தேவையில்லை.

யாரும் கேட்காத, ஆனால் பணம் போகிற இடம் ஒன்று இருக்கிறது. கிட் மட்டும் வாங்கினால் பேனை வராது. 7 மில்லிமீற்றர்த் துளைபோடும் அலகு, அந்தத்தைச் சதுரமாகச் சீவுகிற வெட்டி, குழாய்களைக் கோர்த்து லேத்தில் பிடிக்கிற உருக்குக் கம்பி (‘மென்ட்ரல்’ என்பார்கள்), ஒவ்வொரு கிட்டுக்கும் அதற்கேயான அளவு வளையங்கள் வேண்டும். வளையத்தின் விட்டம் வரைக்கும் மரத்தைக் கடைந்தால்தான் மரமும் உலோகமும் விரலுக்குத் தட்டுப்படாமல் ஒன்றாகச் சேரும். கிட் மாறினால் பெரும்பாலும் வளையமும் மாறும். ஐந்து வகைக் கிட் கலந்து வாங்கினால் ஐந்து வகை வளையம் வாங்க வேண்டி வரும். பாஸ் நானாவின் லேத் கட்டில் கால் கடைகிற பழைய மெசின். மென்ட்ரலின் அடி கூம்பு மாதிரி இருக்கும், அது ‘மோர்ஸ்’ இலக்கம் 2. அவருடைய மெசினில் அந்தக் கூம்பு நுழைகிற துளையே இல்லை. அவர் கம்பியை மட்டும் கழற்றி ட்ரில் சக்கில் பிடித்துச் சமாளித்தார். முப்பது வருட அனுபவம் உள்ளவர், அவரால் முடிந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு அப்படிச் சமாளித்துப் பழக்க முடியாது.

மரத்தையும் சொல்ல வேண்டும். நமக்கு மரம் சும்மா கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கும்தான். வயது போன இறப்பர் மரங்களைத் தோட்டம் தறிக்கிறது. தளபாடக் கடையில் பலாத் துண்டு குப்பையில் கிடக்கிறது. (பலாவைத் தறிக்க அனுமதி வேண்டும், துண்டு பொறுக்க வேண்டாம்.) ஆனால் பச்சை மரம் ஆகாது. இரத்தினபுரிப் பக்கம் வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கேகாலைத் தோட்டப் பக்கமும் சளைத்ததல்ல. பித்தளைக் குழாயைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் மொத்தத்தில்தான் மரம் நிற்கும். ஈர மரத்தைக் கடைந்தால் காயும்போது அது சுருங்கும், குழாய் சுருங்காது. அப்புறம் வெடிப்புத்தான். துண்டுகளை அறுத்து, அந்தங்களில் மெழுகோ பெயின்றோ பூசி, புகைக்கூட்டுக்கு மேலே மாதக்கணக்கில் வைக்க வேண்டும். இறப்பர்ப் பலகை வேறு பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் விருப்பமான சாமான், பதப்படுத்தியதாக இருக்க வேண்டும். கித்துள் கறுப்பு வரியோடு அழகு, ஆனால் உளி கூராக இல்லாவிட்டால் நாராகப் பிய்ந்துவிடும். பிள்ளை இரண்டாவது பேனையைக் கித்துளில்தான் செய்தான். ஒரு துண்டு பிய்ந்து, அடுத்த துண்டில் சரிவந்தது.

இனிப் பிள்ளையின் அப்பா. பேனையைக் காட்டினோம். கையில் வாங்கிப் பார்த்தார், சந்தோசப்பட்டார். பிறகு கேட்டார்: “சேர், இத வித்தா மாசம் எவ்வளவு நிக்கும்?”

பால் வெட்டுகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான். மழை பெய்தால் பட்டை நனையும், வெட்டு இல்லை, அன்றைய நாள் போனது. எதிலும் கைக்கு என்ன வரும் என்று பார்த்துத்தான் அவர்கள் அடி வைப்பார்கள். நானும் பாஸ் நானாவும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். வெளிநாட்டில் ஒரு ஸ்லிம்லைன் கிட் இரண்டு மூன்று டொலர். பார்க்கர் வகை அதைவிடக் கூட. அதன் மேல் கப்பல் செலவு, சுங்கம், 18 வீத வற். ஒரு பேனை முடிக்கப் பிள்ளைக்கு முதலில் இரண்டு மணித்தியாலம் போனது, மூன்றாவதில் ஒன்றரை. சுற்றுலாக் கடைக்காரர் தன் பங்கை வைத்துக்கொண்டுதான் வாங்குவார். ஒரு பேனைக்குக் கொடுக்கிற விலையில் பெரிய துண்டு கிட் விற்றவருக்குத்தான் போகிறது. டொலர் ஏறினால் இன்னும் கூடப் போகும். 2022இல் டொலர் எங்கே போனது என்று யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

கிட் இல்லாமலும் பேனை செய்கிறார்கள். ஆந்திராவில் ராஜமுந்திரியில் 1930களிலேயே ரத்னம் பேனைகளைச் செய்தார்கள். உள்நாட்டிலேயே செய்த பேனை வேண்டும் என்ற காந்தியின் சுதேசிப் பேச்சு அதற்குப் பின்னால் இருந்தது. தமிழ்நாட்டில் திருவள்ளூரில் ரங்கா பேனைக் குடும்பம் இன்றைக்கும் லேத்தில் கையால் கடைகிறது. உடம்பு, மூடி, மரை எல்லாம் அவர்கள் வெட்டுவது. கூரும் கிளிப்பும் போன்ற சிலவற்றை வெளியே வாங்குவார்கள். அவர்கள் கடைகிற சாமான் எபனைட். எபனைட் என்றால் வேறொன்றுமில்லை, இறப்பர். சாதாரண இறப்பரில் சேர்க்கிற கந்தகம் சில வீதம்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கந்தகம் சேர்த்து நீண்ட நேரம் சூடாக்கினால் கட்டை மாதிரி இறுகிவிடும். 1851இல் அமெரிக்காவில் நெல்சன் குட்இயர் காப்புரிமை எடுத்த விசயம். 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்த இறப்பர்க் கன்றுகளின் வழியில் வந்த மரங்களில், நம் பிள்ளைகளின் அப்பாமார் விடியற்காலையில் பால் வெட்டுகிறார்கள். அந்தப் பாலிலிருந்து பேனை செய்கிற கைகள் திருவள்ளூரில் இருக்கின்றன, இங்கே இல்லை. இது யாரையும் குறை சொல்ல எழுதியதல்ல. ஆனால் ஒரு நாளாவது வகுப்பில் சொல்ல வேண்டிய பாடம்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கிட் என்பது பேனையின் கஷ்டமான பாதியை நமக்குப் பதிலாக யாரோ செய்து தருவது. மிச்சப் பாதியில் பிள்ளை பழகுவது நேராகத் துளையிடுவதும், அளவுக்குக் கடைவதும், மினுக்குவதும். அவை சின்ன விசயமல்ல. ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கை விரலால் உணரப் பழகின கை தளபாடத்துக்கும் உதவும், இயந்திர வேலைக்கும் உதவும். பழகுவதற்குக் கிட் நல்லது. அதை நம்பிக் குடும்பம் நடத்தச் சொல்லி ஒரு பிள்ளையை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். “அப்ப அவன் படிக்கட்டும் சேர், இது லீவு நாள்ல செய்யட்டும்” என்றார்.

ஆகவே சகோதரர்களே, என் அபிப்பிராயம் இது. ஐம்பது வேண்டாம். பத்து போதும். பத்தும் ஒரே வகை, பார்க்கர் ரீபில் எடுக்கிறது, குரோம் பூச்சு, முனை மரை சுற்றிக் கழற்றக்கூடியது. வாங்கும்போது தள்ளுகிற பொறியும் பித்தளைக் குழாயும் தனியாக விற்கிறார்களா என்று கேளுங்கள். பிள்ளைகள் கடையும்போது மரம் உடையும், அப்போது குழாய் மட்டும் இருந்தால் கிட் தப்பும். விற்காவிட்டால் அந்த ஆளிடம் வாங்காதீர்கள். ஒரு தொகுதி வளையம், ஒரு மென்ட்ரல், ஒரு வெட்டி, முகத்துக்கு மறைப்பு, தூசுக்கு மாஸ்க். மிச்சக் காசில் மோர்ஸ் 2 துளையுள்ள சின்ன மேசை லேத் ஒன்று பார்க்கலாம். அதிலும் மிஞ்சினால், தொழிற்பயிற்சி நிலையத்தில் என்.வி.கியூ. பாடநெறிக்குப் போகிற இரண்டு பிள்ளைகளின் பஸ் காசுக்கு வைத்துவிடுங்கள். பாதியில் விடுகிற பிள்ளைகளில் எனக்குத் தெரிந்த பலர் விட்டது பஸ் காசு இல்லாமல்தான்.

மூன்று பேனைகளும் என்னிடம் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நடக்கிற கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், எழுதிப் பாருங்கள். பாஸ் நானாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். லேத் பற்றிய கேள்விகளை அவரிடம் கேளுங்கள், அதில் என்னைவிட அவர் சொல்வதுதான் சரி. அதுவரை யாரும் ஓடர் போட வேண்டாம்.