தீவுகளுக்கிடையே 266 கிலோமீட்டர்



நம் தேசத்தின் தென்கிழக்குக் கோடியில், கடல் நடுவே இரண்டு விமான ஓடுதளங்கள் உள்ளன. ஒன்று கார் நிக்கோபாரில் விமானப்படையின் வசமுள்ளது. மற்றொன்று பெரிய நிக்கோபார் தீவின் கேம்பல் பேயில் 2012-இல் கடற்படை திறந்தது. இரண்டுக்கும் இடையே ஆகாயமார்க்கமாக ஏறக்குறைய 266 கி.மீ. சென்னை, பெங்களூரு விமான நிலையங்களுக்கு இடையிலுள்ள தூரமும் கிட்டத்தட்ட இதுவே. மணிக்கு 220 கி.மீ. வேகத்தில் ஹெலிகாப்டர் நேராகப் பறந்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் சென்றுவிடலாம்.

இது காகிதக் கணக்கு. பொதுமக்களுக்கு அங்கே பெரிய விமானம் இல்லை. சிறிய ஹெலிகாப்டரும் கப்பலுமே உண்டு. மழைக்காலத்தில் மேகம் தாழ்ந்தால் ஹெலிகாப்டர் எழும்பாது. எழும்பினாலும், நோயாளி ஒருவரைக் கொண்டுபோக வேண்டியிருந்தால் மற்றவர் இருக்கையை விட்டுக்கொடுக்க வேண்டும், அது நியாயமே. தீவுதோறும் நின்று செல்லும் கப்பலுக்கோ நாட்கணக்காகும்.

நம் சபையின் சகோதரர் ஒருவருடைய தகப்பனார் முன்னாள் இராணுவ வீரர். 1969 முதல் அரசாங்கம் பெரிய நிக்கோபாரில் குடியமர்த்திய குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 2018 ஜூன் மாதத்தில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். செய்தி கேட்ட மகன் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) 1,370 கி.மீ. தூரத்தை இரண்டேகால் மணி நேரத்தில் கடந்தார். மறுநாள் ஹெலிகாப்டரில் இடம் கிடைத்துக் கார் நிக்கோபார் வரை சென்றார். அங்கே வானிலை அடைத்துக்கொண்டது. மீதியிருந்த 266 கி.மீ. தூரத்திற்கு நான்கு நாட்கள் காத்திருந்தார்.

அந்த நாட்களில் அவரைத் தங்கள் வீட்டில் வைத்துப் போஷித்தது ஒரு நிக்கோபாரியக் கிறிஸ்தவக் குடும்பம். அத்தீவில் சுவிசேஷ விதையை ஊன்றியவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர் என்பதை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? 1890-களில் அங்கே சென்ற வேதப்பன் சாலொமோன் என்னும் உபதேசியார், தம்மிடம் கற்ற சிறுவன் ஒருவனை மேற்படிப்புக்காகப் பர்மாவுக்கு அனுப்பினார். அச்சிறுவனே பிற்காலத்தில் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் தந்தவர், 1952-இல் முதல் மக்களவையில் அமர்ந்தவர். இவர்கள் ஆங்கிலிக்கன் சபையார், பெந்தெகொஸ்தே சபையார் அல்லர். ஆயினும் ஆகாயவழியே இல்லாத காலத்தில், கப்பல் வரும் நாளை எண்ணியெண்ணி ஊழியம் செய்தவர்களை நாம் கனம்பண்ணாதிருக்கலாமா? பவுல் அப்போஸ்தலனும் மெலித்தா தீவிலே மூன்று மாதம் கப்பலுக்குக் காத்திருந்தார் அல்லவா!

மூன்று நாள் கூட்டங்களுக்கென்று தேதி குறித்துக்கொண்டு இத்தீவுகளுக்குப் புறப்படும் ஊழியர்களுக்கு ஒன்று சொல்வேன். திரும்பும் தேதியைச் சபையாரிடம் உறுதியாகச் சொல்லாதிருங்கள். பழங்குடியினர் பகுதிக்குரிய அனுமதிச் சீட்டையும் முன்னதாகவே பெற்றுக்கொள்ளுங்கள்; அது எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

நம் சகோதரர் கேம்பல் பே சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஐந்து நாட்களாகியிருந்தன. குழி வெட்டியவர்களில் தமிழரும் பஞ்சாபியரும் இருந்தார்கள் என்று தாயார் சொன்னார்கள். திரும்பிவர இருக்கை கிடைக்கவில்லை. பன்னிரண்டு நாட்கள் தாயாரோடே தங்கியிருந்து, சுனாமிக்குப் பின் கட்டிய அந்த வீட்டின் கூரையை மழைக்கு முட்டுக்கொடுத்துச் சரிசெய்துவிட்டுக் கப்பலேறினார்.