கடலில் ஓடும் வீதி

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய கடலைக் கடப்பதற்கு ஒரு மிதவை உண்டு. ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு சில நிமிடங்களில் அக்கரை சேர்த்துவிடும். அதற்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர் 'பாதை'. "பாதை வெளிக்கிட்டிட்டுதோ?" என்று ஒருவர் ஓடிவந்து கேட்டால், வெளியூர் அன்பர்கள் திகைத்துப் போவார்கள். பாதையாவது, வெளிக்கிடுவதாவது! தீவகத்தாருக்கு அதில் வியப்பேதும் இல்லை.

இந்தப் பாதையை நடத்துவது வீதி அபிவிருத்தி அதிகார சபை. நெடுந்தீவுக்கு ஓடிய 'குமுதினி'யும் 'வடதாரகை'யும் அதே சபையின் படகுகளே. வீதி போடுகிறவர்கள் படகு ஓட்டுவதா என்று சிரிக்க வேண்டியதில்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் விட்டது தென்னிந்திய ரயில்வேதான். டென்மார்க்கிலும் அரச ரயில்வேயின் கப்பல்கள் ரயில் பெட்டிகளையே சுமந்துகொண்டு தீவுக்குத் தீவு போய்வந்தன. 1997இல் பெரிய பாலத்தின் மேல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகே அங்கே அந்தத் தேவை குறைந்தது. நிலத்து வழி முடியும் இடத்தில் கடல்வழி தொடங்க வேண்டும், அதுவே நியாயம்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதியால் வேலணைக்கும், அங்கிருந்து மற்றொரு தாம்போதியால் புங்குடுதீவுக்கும் போய், குறிகட்டுவான் இறங்குதுறையில் பேருந்து நின்றுவிடும். நயினாதீவு அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நெடுந்தீவோ ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். சோளகம் பெயர்ந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரத்துக்கு அளவு சொல்ல இயலாது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள தீவுக்கு மருந்தும் கடிதமும் ஆசிரியரும் அந்த வழியால்தான் போயாக வேண்டும்.

குமுதினியின் பெயரைச் சொன்னால் ஒரு திகதியையும் சொல்லியாக வேண்டும்: 1985 மே 15. அன்று காலை நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினி நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகள் ஒவ்வொருவராக அழைக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டனர். சர்வதேச மன்னிப்புச் சபை குறைந்தது 23 பேர் என்றது. ஊரவர் முப்பதுக்கும் மேல் என்கின்றனர். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரையே குற்றஞ்சாட்டினர். எவரும் தண்டிக்கப்படவில்லை.

நான் அப்போது பள்ளி மாணவன். பத்திரிகையை அப்பா எங்கள் கண்ணில் படாமல் மடித்துவைத்ததும், அதை நான் தேடி எடுத்து வாசித்ததும் நினைவிருக்கின்றன.

2003இல், சமாதான காலத்தில், செய்தியாளனாக நெடுந்தீவுக்குப் போனேன். திரும்பும்போது ஏறியது குமுதினியில். பின்னர் அதே பெயரோடு, அதே கடலில், அதே சனங்களை ஏற்றிக்கொண்டு அது ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு மூதாட்டி, மடியில் மருந்துத் துண்டுகள் செருகிய பையுடன் இருந்தார். யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குப் போகிறார். தொழில் புத்தி என்னை விடவில்லை.

"அம்மா, இந்தப் படகிலை ஏற உங்களுக்குப் பயமில்லையோ?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, என்ரை தமையனை இதுக்கைதான் வெட்டினவங்கள். அதுக்கு நான் என்ன செய்ய? இதுதானே எங்கடை றோட்டு."

அதன் பின் அவர் என்னோடு பேசவில்லை. நானும் கேட்கவில்லை. குறிகட்டுவானில் இறங்கும்போது பையை வாங்கிக்கொண்டு கை கொடுத்தேன், அவ்வளவுதான். அன்றிரவு எழுதிய கட்டுரையில் படகுச் சேவையின் குறைபாடுகள், பயணிகளின் எண்ணிக்கை, அதிகாரிகளின் வாக்குறுதி எல்லாம் இருந்தன. அந்த அம்மாவின் சொல் மட்டும் இல்லை. 'செய்திக்கு அது தேவையில்லை' என்று நானே வெட்டிவிட்டேன். முப்பது வருடத் தொழிலில் நான் வெட்டியவற்றுள் என்னை இன்னமும் உறுத்துவது அந்த ஒரு வரிதான்.

2017இல் 'நெடுந்தாரகை' என்ற புதிய படகு நெடுந்தீவுப் பிரதேச சபையிடம் வந்தபோது விழா எடுத்தார்கள், மகிழ்ச்சியே. ஆனால் வீதி திறப்பது ஒருநாள் வேலை. அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பது நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை. தார் வீதியில் பள்ளம் விழுந்தால் சுற்றிப் போகலாம். படகு பழுதானால் பிரசவ வலியோடு இருப்பவள் எதைச் சுற்றிப் போவாள்?

ஆண்டுதோறும் மே 15இல் மாவிலித்துறையில் விளக்கேற்றுகிறார்கள். ஏற்றிவிட்டு, அலுவல் உள்ளவர்கள் அதே துறையில் படகுக்குக் காத்து நிற்பார்கள். அந்த அம்மாவின் சொல்லை இருபது வருடங்களுக்கு மேல் பிந்தி இங்கே அச்சேற்றுகிறேன். அவர் இதை வாசிக்க இருப்பாரோ, அறியேன்.